சஸ்பென்ஸ் கணக்கு

1

அமெரிக்க ஸி.பி.எஸ். டெலிவிஷனில் 1959 நவம்பரில் வந்த ஒரு அரைமணிக் கதையில் என் உத்தியோகத்தைப் பார்க்கிற ஒருவன் வருகிறான். பெயர் ஹென்றி பெமிஸ். பாங்க் கவுண்டரில் உட்கார்ந்து டிக்கன்ஸ் படிக்கிறான். படித்ததை வாடிக்கையாளரிடம் சொல்லப்போய் சில்லறையைக் குறைத்துக் கொடுக்கிறான். மேலதிகாரி கூப்பிட்டுக் கண்டிக்கிறார். வீட்டில் மனைவி அவனுடைய கவிதைப் புத்தகத்தின் பக்கங்களையெல்லாம் மையால் அடித்து வைக்கிறாள். மதிய இடைவேளையில் பெட்டக அறைக்குள் ஒளிந்து படித்துக்கொண்டிருக்கும்போது குண்டு விழுகிறது. வெளியே வந்தால் ஊர் இல்லை, மனிதர் இல்லை. தற்கொலைக்குத் தயாராகும்போது இடிந்துபோன நூலகம் கண்ணில் படுகிறது. எந்த மாதம் எதைப் படிப்பது என்று புத்தகங்களை அடுக்குகிறான். ஒரு புத்தகத்தை எடுக்கக் குனிகிறான். மூக்குக் கண்ணாடி விழுந்து உடைகிறது. கதை முடிகிறது.

1959 முதல் 1964 வரை நடந்த 'ட்வைலைட் ஸோன்' வரிசையின் 156 கதைகளில் அதிகம் நினைக்கப்படுவனவற்றுள் இது ஒன்று. லின் வெனபிளின் சிறுகதையிலிருந்து ராட் ஸெர்லிங் எழுதியது. பார்த்தவர்கள் யாரும் அந்த உடைந்த கண்ணாடியை மறப்பதில்லை. எனக்கு அதன் மேல்தான் கோபம்.

கண்ணாடியை உடைத்தது குண்டு அல்ல, கதாசிரியர். அதை உடைத்ததன்மூலம் கதையில் இருந்த உண்மையான பயங்கரத்திலிருந்து நம்மைத் தப்பவிட்டுவிட்டார். மனைவி, மேலதிகாரி, சில்லறை குறைந்ததென்று சண்டை போட்ட பெண் எல்லோரும் செத்துக் கிடக்க, படிக்க நேரம் கிடைத்தது என்று ஒருவன் சந்தோஷப்படுகிறானே, அந்தச் சந்தோஷம்தான் பயங்கரம். இருநூறு பிரதிகளுக்குள் அச்சாகும் பத்திரிகைகளில் எழுதியும் அவற்றைப் படித்தும் காலம் கழிக்கிற நம் போன்றவர்களிடம் அந்தச் சந்தோஷத்தின் ஒரு துளியாவது இருக்கிறது. கதை அதைச் சில நிமிஷங்கள் காட்டுகிறது. பிறகு பளிச்சென்று ஒரு தண்டனை. நாம் 'அடடா' என்கிறோம். அடடா என்றதும் கேள்வி ஓய்ந்துவிடுகிறது.

பாங்கில் நாள் முடிவில் பற்றும் வரவும் நேராக வேண்டும். இப்போது கம்ப்யூட்டர் அந்த வேலையைச் செய்கிறது. என்றாலும் சஸ்பென்ஸ் கணக்கு என்ற ஒன்று இன்னும் இருக்கிறது. எந்தத் தலைப்பில் சேர்ப்பது என்று தெரியாத தொகையைத் தற்காலிகமாக அதில் போட்டு வைப்போம். தொகை நிஜம், வந்ததும் நிஜம்; யாருடையது, எதற்காக வந்தது என்பதுதான் தெரியாது. ஆடிட்டர்களுக்கு இந்தக் கணக்கைக் கண்டால் ஆகாது. எப்படியாவது ஒரு தலைப்பில் தள்ளிக் கணக்கை முடிக்கச் சொல்வார்கள். கடைசி வரியில் திடுக்கிட வைக்கும் கதைகளை எழுதுகிறவர்கள், நம் வாரப் பத்திரிகைகளில் அப்படி எழுதிப் பேர் வாங்கியவர்கள் உட்பட, ஆடிட்டர் மனம் படைத்தவர்கள். அனுபவத்தில் நேராகாமல் நிற்கிற தொகையை அவர்களால் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை.

2

ஸெர்லிங்கின் நேர் வாரிசு என்று சொல்லத்தக்கவர் இங்கிலாந்தின் சார்லி ப்ரூக்கர். பல வருஷங்கள் 'கார்டியன்' பத்திரிகையில் டெலிவிஷன் விமர்சனம் எழுதியவர்; பிறகு தாமே எழுத வந்தவர். விமர்சகன் படைக்க வந்தால் என்ன ஆகும் என்று கேலி பேசுகிறவர்களுக்கு இவரைக் காட்டலாம். அவருடைய 'ப்ளாக் மிரர்' 2011 டிசம்பரில் சானல் ஃபோரில் தொடங்கியது. 2016 முதல் நெட்ஃப்ளிக்ஸில் வருகிறது. 2025-இல் வந்த ஏழாம் வரிசை வரை 33 கதைகள். பார்க்கிறவரே கதையின் போக்கைத் தேர்ந்தெடுக்கும்படி 2018-இல் செய்த ஒன்று தனி. தலைப்பு சொல்லும் கறுப்புக் கண்ணாடி, அணைத்து வைத்த திரைதான். அதில் தெரிகிற முகம் நம்முடையது.

இத்தொடரைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இது விஞ்ஞானத்தின் அபாயத்தை எச்சரிக்கிறது என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். எச்சரிக்கை என்பது சிகரெட் பெட்டியின்மேல் அச்சடிக்கிற காரியம். கலையாக நிற்கிற கதை எதையும் அதற்குள் அடக்க முடியாது. ப்ரூக்கரின் நல்ல கதைகளில் இயந்திரம் புதிதாக எதையும் செய்வதில்லை. மனிதன் ஏற்கனவே செய்துகொண்டிருப்பதை, இதுவரை கைக்கு எட்டாத ஒரு துல்லியத்துடன் செய்ய விடுகிறது. அந்தத் துல்லியம் வந்தபின்பும் எது மிஞ்சி நிற்கிறது என்று கேட்கிற கதைகள் உயர்ந்தவை. எதுவும் மிஞ்சாதபடி தீர்த்துக் கொடுப்பவை சாமர்த்தியமானவை. இரண்டும் ஒரே மனிதரிடமிருந்து வருகின்றன. ஆகவே மொத்தமாகப் புகழ்வதும் மொத்தமாகத் தள்ளுவதும் சோம்பேறித்தனம்.

3

முதல் வரிசையின் மூன்றாவது கதை, 'தி என்டையர் ஹிஸ்டரி ஆஃப் யூ'. இதை எழுதியவர் ப்ரூக்கர் அல்ல, ஜெஸ்ஸி ஆர்ம்ஸ்ட்ராங். காதுக்குப் பின்னால் தானியமணி அளவில் ஒரு கருவி. கண்டது கேட்டது எல்லாம் அதில் பதிவாகிவிடும். வேண்டியபோது ஓட்டிப் பார்க்கலாம், பிறருக்கும் போட்டுக் காட்டலாம். லியம் ஒரு இளம் வக்கீல். உத்தியோக மதிப்பீட்டுக்குப் போய் வந்தவன், வண்டியில் உட்கார்ந்து எதிரே இருந்தவர்களின் முகத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கிறான். அன்றிரவு ஒரு விருந்து. அங்கே மனைவி ஃபியான், ஜோனஸ் என்பவனுடைய சுமாரான ஒரு ஹாஸ்யத்துக்குச் சற்று அதிகமாகச் சிரித்துவிடுகிறாள். அந்தச் சிரிப்பை லியம் விடிய விடிய ஓட்டுகிறான்.

சந்தேகத்தைப் பற்றிய கதைகளில் சந்தேகப்பட்டவன் கடைசியில் தவறாகப் போவதுதான் வழக்கம். அப்போது நீதி கிடைக்கிறது, பாடமும் கிடைக்கிறது. ஆர்ம்ஸ்ட்ராங் அப்படிச் செய்யவில்லை. லியமின் சந்தேகம் சரி. ஒவ்வொன்றாக வவுச்சர் எடுத்து வைத்து நிரூபிக்கிறான். கணக்கு பைசா சுத்தமாக நேராகிறது, வீடு காலியாகிறது. மனைவியும் குழந்தையும் போன வீட்டில், அதே அறையில் அவர்கள் நடமாடியதை ஓட்டிப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். பிறகு குளியலறையில் பிளேடை எடுத்துக் காதுக்குப் பின்னால் கீறுகிறான். திரை இருளுகிறது. கருவி இல்லாத வாழ்க்கை அவனுக்குக் கிடைத்ததா என்று நமக்குச் சொல்லப்படுவதில்லை.

ஃபியான் ஏன் பொய் சொன்னாள் என்பது கதையில் எங்கும் பதிவாகவில்லை. கண்ணுக்கும் காதுக்கும் எட்டியதையெல்லாம் வைத்திருக்கும் கருவி அதை வைத்திருக்கவில்லை. லியம் அதைக் கேட்கவும் இல்லை. அவன் கேட்டதெல்லாம் எப்போது, எங்கே, எத்தனை தடவை என்பவைதான். நிரூபணத்துக்கு வேண்டியவை இவை. தெரிந்துகொள்ள வேண்டியது வேறு. இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரம்தான் இக்கதை.

14 வருஷங்கள் கழித்து, 2025-இல் வந்த 'யூலஜி' இதற்கு நேர்மாறான மனிதனை எடுத்துக்கொள்கிறது. ஃபிலிப் வயதானவன். இளமையில் பிரிந்துபோன கேரலின் முகத்தை எல்லாப் புகைப்படங்களிலும் ஆத்திரத்தில் அழித்துவிட்டவன். அவள் இறந்த செய்தி வருகிறது. படங்களுக்குள் நுழைந்து நிற்க உதவும் ஒரு கருவியும் வருகிறது. முகத்தைத் தேடிப் போகிறவன் வழியில் தன்னைச் சந்தித்துக்கொள்கிறான். பால் ஜியாமாட்டி முணுமுணுப்பும் எரிச்சலுமாக நடித்திருப்பது பெரிய காரியம். நடுவில், ஓட்டல் அறையில் அவள் எழுதி வைத்துப்போன கடிதத்தை அவன் படிக்காமல் விட்டது தெரியவருகிறது. அங்கே ஆடிட்டர் ஒரு நிமிஷம் எட்டிப் பார்க்கிறார். ஒரு கடிதத்தைப் பார்த்திருந்தால் வாழ்க்கை மாறியிருக்கும் என்பது சினிமாவின் ஆறுதல். ஆனாலும் அதற்குள் அவனுடைய சுயநலத்தை நாம் வேண்டிய அளவு பார்த்துவிட்டோம். கடிதம் கிடைத்திருந்தாலும் இவன் படித்திருப்பானா என்ற ஐயம் எஞ்சுகிறது. கதையை அதுதான் காப்பாற்றுகிறது.

4

ஒரே உத்தி ஒரு கதையில் கலையாகவும் இன்னொன்றில் வெறும் உத்தியாகவும் நிற்பதற்கு இத்தொடரிலேயே உதாரணம் உண்டு.

2013-இல் வந்த 'ஒயிட் பேர்'. ஒரு பெண் நினைவிழந்து ஒரு வீட்டில் கண்விழிக்கிறாள். முகமூடி அணிந்தவர்கள் துரத்துகிறார்கள். தெருவில் நிற்பவர்கள் உதவி செய்யாமல் போனில் படம் எடுக்கிறார்கள். கடைசியில் சுவர் திறக்கிறது. நடந்ததெல்லாம் நாடகம், எதிரே பார்வையாளர்கள் கைதட்டுகிறார்கள். இவள் ஒரு சிறுமியைக் கடத்தியதற்குத் துணை நின்றவள். தன் துணைவன் அச்சிறுமியைச் சித்திரவதை செய்து கொன்றதைப் போனில் படம் எடுத்தவள். அதற்குத் தண்டனையாகத் தினமும் நினைவு அழிக்கப்பட்டு, தினமும் இதே துரத்தல்.

2016-இல் வந்த 'ஷட் அப் அண்ட் டான்ஸ்'. கென்னி என்ற பையனை யாரோ கம்ப்யூட்டர் காமிரா வழியாகப் படம் பிடித்துவிட்டு, சொன்னதையெல்லாம் செய்யச் சொல்லி மிரட்டுகிறார்கள். கேக் பெட்டிக்குள் இருக்கும் துப்பாக்கியோடு ஒரு பாங்கில் நுழைந்து கொள்ளையடிக்கிறான். பயத்தில் ஆடை நனைந்துவிடுகிறது. தொழில் காரணமாக அந்தக் காட்சியில் நான் கவுண்டருக்கு உள்ளே இருப்பவர் பக்கம் நின்றிருக்க வேண்டும். கென்னியின் பக்கம்தான் நின்றேன். கடைசி நிமிஷத்தில், அவன் பார்த்தது குழந்தைகளின் படங்கள் என்று தெரிகிறது.

இரண்டிலும் முதலில் இரக்கம் வாங்கப்படுகிறது. பிறகு குற்றம் காட்டப்படுகிறது. இரண்டாவது கதை அத்தோடு முடிகிறது. நாம் கொடுத்த இரக்கத்தைக் கூச்சத்தோடு திரும்ப எடுத்துக்கொள்கிறோம். வரவு வைத்தது அப்படியே பற்றில் எழுதப்பட்டு மீதி பூஜ்யம். 'ஒயிட் பேர்' குற்றம் தெரிந்த பிறகுதான் ஆரம்பிக்கிறது என்று சொல்வேன். அதற்குமேல் காமிரா அவளைத் தண்டிக்கிறவர்களின் மறுநாள் ஆயத்தத்தைக் காட்டுகிறது. குடும்பம் குடும்பமாக வருகிறவர்களுக்கு விதிகள் சொல்லப்படுகின்றன: பேசாதீர்கள், தள்ளி நில்லுங்கள், முக்கியமாக, சந்தோஷமாக இருங்கள். காலண்டரில் ஒரு நாள் அடிக்கப்படுகிறது. படம் எடுத்துக்கொண்டு சும்மா நின்றது அவள் குற்றம். அவளைப் படம் எடுத்துக்கொண்டு சும்மா நிற்பது இவர்கள் உல்லாசம். அந்தப் பெண் குற்றவாளி என்பதால் இரக்கம் ரத்தாவதில்லை, இரக்கம் வந்ததால் குற்றமும் ரத்தாவதில்லை. இரண்டு தொகைகளும் பக்கத்தில் பக்கத்தில், கழிபடாமல் நிற்கின்றன.

இதற்கு எதிர்வாதம் உண்டு. நண்பர் ஒருவர், கென்னியின் கதைதான் கடுமையானது, ஏனெனில் அது பார்க்கிறவனுக்கு நிற்க இடம் கொடுப்பதில்லை என்கிறார். நிற்க இடம் கொடுக்காதது வேறு, காலை வாரிவிடுவது வேறு என்பது என் பதில்.

5

பணத்தைப் பற்றிய கதைகளுக்கு வருகிறேன். 2011-இல் வந்த 'ஃபிஃப்டீன் மில்லியன் மெரிட்ஸ்' கதையில் எல்லோரும் நாள் முழுவதும் சைக்கிள் மிதித்துப் புள்ளிகள் சேர்க்கிறார்கள். பிங் என்ற இளைஞன், தான் நேசித்த பெண்ணின் பாட்டை ஒரு போட்டி நிகழ்ச்சி கெடுத்து அவளை வேறு தொழிலுக்குத் தள்ளியது கண்டு, உடைந்த கண்ணாடித் துண்டைத் தன் கழுத்தில் வைத்துக்கொண்டு மேடையில் கத்துகிறான். நடுவர்களுக்கு அது பிடித்துப்போகிறது. வாரா வாரம் கத்துவதற்கு ஒரு நிகழ்ச்சி தருகிறார்கள். கண்ணாடித் துண்டைப் பத்திரமாகப் பெட்டியில் வைக்கிறான். எதிர்ப்பைச் சந்தை எப்படி வாங்கிக்கொள்கிறது என்பதை இவ்வளவு சுருக்கமாகச் சொன்ன கதை எனக்குத் தெரிந்து குறைவு. ஐந்து வருஷத்தில் தொடரே பெரிய கம்பெனிக்குப் போனது. ப்ரூக்கருக்கு இது தெரியாமல் இருக்காது.

2025-இன் 'காமன் பீப்பிள்' அந்தப் பெரிய அறையிலிருந்து கத்துவது. அமாண்டா பள்ளி ஆசிரியை; கணவன் மைக் வெல்டிங் தொழிலாளி. அவளுக்கு மூளையில் கட்டி. ஒரு கம்பெனி இலவசமாக அறுவை செய்து, மூளையின் ஒரு பகுதியைத் தன் கம்ப்யூட்டரிலிருந்து இயக்குகிறது. மாதச் சந்தா 300 டாலர். எல்லை தாண்டினால் நினைவு தப்பும். கூடக் கட்டினால் எல்லை விரியும். கட்டாவிட்டால் அவள் வாயிலிருந்து, பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போதே, அவளுக்குத் தெரியாமல் விளம்பரம் வரும். இதை வெளியிட்ட கம்பெனியே 2022 முதல் விளம்பரத்தோடு கூடிய மலிவுச் சந்தாவை விற்று வருகிறது.

இக்கதையின் முதல் பாதி எனக்கு உறக்கத்தைக் கெடுத்தது. எங்கள் கவுண்டருக்கு ஒரு பெரியவர் வருவார். "தம்பி, எனக்கு செல்போனே கிடையாது, எஸ்.எம்.எஸ்.ஸுக்குன்னு ஏன் பணம் பிடிச்சிருக்கு?" என்பார். "ஸிஸ்டம் பிடிச்சிருக்கு ஐயா" என்பேன். பொய் இல்லை. ஸிஸ்டம்தான் பிடித்தது. மனு எழுதித் தரச் சொல்லி மேலே அனுப்புவேன். அடுத்த காலாண்டில் மறுபடி பிடிக்கும். கதையில் சந்தா விற்கிற பெண் புன்னகையோடு ஒவ்வொரு உயர்வையும் விளக்குகிறாள். அவளும் இதே கருவியைத் தலையில் வைத்துக்கொண்டவள்தான். அவளை வில்லியாகப் பார்க்க என்னால் முடியவில்லை. அவள் குரல் எனக்குத் தெரிந்த குரல்.

பின்பாதியில் ப்ரூக்கர் பொறுமை இழக்கிறார். காசுக்காக மைக் முன்பின் தெரியாதவர்கள் பார்க்கத் தன் பல்லைப் பிடுங்கிக்கொள்கிறான், வேலை போகிறது, கடைசியில் மனைவியின் சம்மதத்தோடு அவள் மூச்சை அடக்கிவிட்டுக் கத்தியோடு உள்ளறைக்குப் போகிறான். துன்பத்தின்மேல் துன்பம் அடுக்கி, இதற்குமேல் எதுவும் இல்லை என்று கணக்கை மூடுகிறார். உண்மையில் இந்த வகைக் கணக்குகள் மூடுவதில்லை. சந்தா கட்டிக்கொண்டு, விளம்பரம் பேசிக்கொண்டு, இருபது வருஷம் ஓட்டுவார்கள். அதை எழுதத்தான் தைரியம் வேண்டும். மரணம் எழுத்தாளனுக்குச் சௌகரியமான தலைப்பு.

6

எல்லாக் கதைகளிலும் எனக்கு உயர்ந்ததாகத் தோன்றுவது 2013-இன் 'பி ரைட் பேக்'. மார்த்தாவும் ஆஷும் அவன் வளர்ந்த கிராமத்து வீட்டுக்குக் குடிவருகிறார்கள். அங்கே மாட்டியிருந்த ஒரே ஒரு சிறுவயதுப் படத்தைப் பார்த்து, அதை வேடிக்கையாகப் பலருக்கும் போட்டுக் காட்டியிருக்கிறான் ஆஷ். அவளிடம் மட்டும் விஷயத்தைச் சொல்கிறான். தம்பி இறந்ததும் அவன் படங்களையெல்லாம் அம்மா பரணுக்கு ஏற்றிவிட்டாள். அப்பா இறந்ததும் அவர் படங்களையும். மிஞ்சியது இது ஒன்று. மறுநாள் ஆஷ் விபத்தில் இறக்கிறான்.

அவன் இணையத்தில் எழுதியதையெல்லாம் தின்று அவனைப் போலவே பேசுகிற ஒரு ஏற்பாடு வருகிறது. முதலில் எழுத்து, பிறகு குரல், கடைசியில் குளியல் தொட்டியில் ஊறவைத்து உருவாகும் உடல். இறந்தவர்களைப் போலப் பேசும் கம்ப்யூட்டர் ஏற்பாடுகள் இன்று நிஜமாகவே விற்பனைக்கு உள்ளன. அதனால் கதைக்கு ஒரு மதிப்பும் கூடிவிடவில்லை. கதையின் மதிப்பு வேறிடத்தில். வந்தவன் அந்தப் படத்தைப் பார்த்து வேடிக்கைதான் என்கிறான். ஆஷ் உலகுக்குச் சொன்னது அதுதான், பதிவாகியிருப்பதும் அதுதான். மார்த்தாவிடம் சொன்னது எங்கும் பதிவாகவில்லை. வேறு எந்த விளக்கமும் இல்லாமல் அந்த ஒரு சொல்லில் இரண்டு ஆஷுக்கும் உள்ள வித்தியாசம் முழுவதும் நமக்குத் தெரிந்துவிடுகிறது.

அவள் அவனை மலைவிளிம்புக்குக் கூட்டிப்போய்க் குதிக்கச் சொல்கிறாள். சரி என்கிறான். ஆஷ் என்றால் பயந்திருப்பான், அழுதிருப்பான் என்கிறாள். உடனே அழுது கெஞ்சுகிறான். அது நடிப்பு என்று தெரிந்தும் அவளால் தாங்க முடியவில்லை, அலறுகிறாள். ஆடிட்டர் கதையாக இருந்தால் இங்கே ஒன்று அவன் குதித்திருப்பான், அல்லது அவள் குதித்திருப்பாள்.

ப்ரூக்கர் சில வருஷங்கள் தள்ளிப் போகிறார். ஆஷின் மகளுக்குப் பிறந்தநாள். கேக் வெட்டியாகிவிட்டது. வார இறுதிகளில் மட்டுமே பரணுக்குப் போகலாம் என்று விதி. இன்று விசேஷம் என்பதால் அனுமதி. குழந்தை ஒரு துண்டு கேக்கை அவனுக்கென்று எடுத்துக்கொண்டு ஏறுகிறாள். அவன் சாப்பிடமாட்டான் என்று அவளுக்குத் தெரியும். தனக்கு இன்னொரு துண்டு கிடைக்க அது ஒரு சாக்கு. மேலே, படங்கள் இருந்த இடத்தில், அவன் நிற்கிறான். மார்த்தா கீழே ஏணியடியில் தயங்கி நிற்கிறாள், பிறகு ஏறுகிறாள்.

தூக்கி எறிய முடியாதது, வைத்துக் கொண்டாடவும் முடியாதது. எந்தத் தலைப்பிலும் சேராதது. அதற்கு வீட்டில் ஒரு இடம் ஒதுக்கி, வாரம் ஒருமுறை போய்ப் பார்த்து வர வேண்டியிருக்கிறது. அம்மா படங்களை ஏற்றிய பரணுக்கு மருமகள் இதை ஏற்றியிருக்கிறாள். பேத்திக்கு இது சகஜமாகிவிட்டது. துக்கம் தீர்ந்தது என்றோ தீராது என்றோ கதை சொல்வதில்லை.

பெமிஸின் கண்ணாடி உடையாமல் இருந்திருந்தால் என்று யோசித்துப் பார்க்கிறேன். நூலகப் படியில் உட்கார்ந்து அவன் படிக்கத் தொடங்குகிறான். சுற்றிலும் யாரும் இல்லை. பக்கம் திரும்புகிறது. சந்தோஷமாகத்தான் இருக்கிறான். ஸெர்லிங் காமிராவை அங்கேயே வைத்துவிட்டு எழுந்து போயிருக்கலாம். எப்போது நிறுத்துவது என்று பார்க்கிற நமக்கல்லவா தெரியாமல் போயிருக்கும்.